எரிந்த பைன் தோப்புகளும் மறுநடவும்: 2019–20 காட்டுத்தீக்குப் பின் நியூ சவுத் வேல்ஸ்

2019 டிசம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்கே, அடிலாங் என்ற சிற்றூருக்கு அருகே, டன்ஸ் ரோடு தீ என்று பின்னர் பெயர் பெற்ற தீ பற்றியது. தனியார் பைன் தோப்பு ஒன்றில் மின்னல் விழுந்து அது தொடங்கியதாகக் கருதப்படுகிறது. பிப்ரவரி நடுவில் கட்டுக்குள் வருவதற்குள் 3 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தை அது எரித்துவிட்டது. ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன பாட்லோவைக் காப்பாற்ற இயலாது, எல்லோரும் வெளியேறிவிடுங்கள் என்று அதிகாரிகள் அறிவித்த அந்த ஜனவரி முதல் வாரம் செய்திகளில் இடம்பிடித்தது. ஆனால் அதே தீ, ஊர்களைச் சுற்றியிருந்த அரசுப் பைன் தோப்புகளில் என்ன செய்தது, அதன் பிறகு அரசு என்ன செய்தது என்பது அந்த வட்டாரத்துக்கு வெளியே பெரிதாகப் பேசப்படவில்லை.

அந்தப் பேசப்படாத பகுதியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தீக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆஸ்திரேலிய அரசுகள் இரண்டு வாக்குறுதிகளைச் சேர்த்தே சொல்லிவந்தன. எரிந்ததை மீண்டும் நடுவோம் என்பது ஒன்று, முன்பு இருந்ததைவிடக் கூடுதலான பரப்பில் நடுவோம் என்பது மற்றொன்று. முதல் வாக்குறுதி சிரமத்தோடும் தாமதத்தோடும் நிறைவேறி வருகிறது. இரண்டாவது மிகச் சிறிதளவே நடந்திருக்கிறது. இந்த இரண்டும் வெவ்வேறு வேலைகள். வெவ்வேறு நிலங்களில், வெவ்வேறு தடைகளோடு நடப்பவை. இரண்டையும் 'இத்தனை கோடி மரங்கள்' என்ற ஒரே எண்ணுக்குள் போட்டுப் பேசியதால், விரிவாக்கம் நின்றுபோயிருப்பது பொதுமக்களின் கண்ணில் படவில்லை என்பதே என் முடிவு.

ஊரும் மரமும்

டூமுட், டம்பரம்பா, பாட்லோ ஆகிய மூன்று ஊர்களும் ஸ்னோயி மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் இயற்கைக் காடுகளில் தைல மர இனங்களே மிகுதி. அவை கனமான, கடினமான மரத்தைத் தருபவை. வீடு கட்டச் சட்டமிடுவதற்கு ஏற்ற இலகுவான, நேராக அறுபடும் மரம் அந்நாட்டுக் காடுகளில் குறைவு. அந்தக் குறையைப் போக்க வந்ததுதான் ரேடியேட்டா பைன். கலிபோர்னியாவின் மாண்டெரே கடற்கரையையொட்டிய சில சிறு காடுகளும் மெக்சிகோவுக்குச் சொந்தமான இரண்டு தீவுகளும்தான் இதன் தாயகம். சொந்த மண்ணில் சிறு பரப்பில் நிற்கும் இந்த மரம், நியூசிலாந்திலும் சிலியிலும் ஆஸ்திரேலியாவிலும் லட்சக்கணக்கான ஹெக்டேர்களை ஆள்கிறது.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1967இல் நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றி, பைன் போன்ற மென்மரத் தோப்புகளை வேகமாகப் பெருக்குவதற்கு மாநிலங்களுக்குக் கடன் கொடுத்தது. இன்றைய தோப்புகளில் பெரும்பங்கு அப்போதைய முடிவின் விளைவு. அரசு முப்பது ஆண்டுகளுக்குக் காத்திருக்கத் தயாராக இருந்ததால் மட்டுமே அது சாத்தியமாயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதை முழுவதும் இந்தக் காத்திருப்பைப் பற்றியதுதான்.

நியூ சவுத் வேல்ஸில் இந்தத் தோப்புகளை நடத்துவது மாநில அரசுக்குச் சொந்தமான வனக் கழகம். அதன் கையில் 2 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான மென்மரத் தோப்புகள் இருக்கின்றன. டூமுட் வட்டாரத்தில் அவற்றைச் சுற்றி ஒரு முழுத் தொழில் சங்கிலி வளர்ந்திருக்கிறது. டம்பரம்பாவில் ஹைன் நிறுவனத்தின் மர அறுவை மில், டூமுட்டில் ஏகேடி நிறுவனத்தின் மில், 2001இல் டூமுட் அருகே திறக்கப்பட்ட விசி காகித ஆலை ஆகியவை அந்தச் சங்கிலியின் பெரிய கண்ணிகள். தடித்த அடிமரம் அறுவை மில்லுக்குப் போகிறது. மில்லில் மிஞ்சும் மரச்சீவலும், இளந்தோப்புகளில் நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே வெட்டியெடுக்கும் மெல்லிய மரங்களும் காகித ஆலைக்குப் போகின்றன. ஒன்று நின்றால் மற்றொன்றும் தள்ளாடும். நடுபவர், வெட்டுபவர், லாரி ஓட்டுபவர், மில்லில் ரம்பத்தின் முன் நிற்பவர் என்று அந்த ஊர்களில் பல குடும்பங்களின் சோறு இந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது.

நல்ல முறையில் நடத்தப்படும் தோப்பு ஒரு படிக்கட்டைப் போன்றது. இந்த ஆண்டு நட்ட கன்று கீழ்ப்படி. வெட்டுக்குத் தயாரான முப்பது வயது மரம் மேல்படி. ஒவ்வோர் ஆண்டும் மேல்படி வெட்டப்படும், அதே அளவு கீழே நடப்படும். தீ இந்தப் படிகளை வயது பார்த்து எரிப்பதில்லை. ஐந்து வயது, பதினைந்து வயது, இருபத்தெட்டு வயது என்று எல்லாவற்றிலும் துளை விழுந்துவிடுகிறது. பணத்தைக் கொட்டினாலும் கீழ்ப்படியை மட்டுமே புதிதாகக் கட்ட முடியும். நடுப்படிகளை எந்த அரசாலும் விலைக்கு வாங்க முடியாது.

இழப்பின் அளவு

2019–20 தீக்காலத்தில் ஆஸ்திரேலியா முழுவதும் சுமார் 1,30,000 ஹெக்டேர் வணிகத் தோப்புகள் எரிந்தன. நியூ சவுத் வேல்ஸ் வனக் கழகம் தன் மரத்தோப்புகளில் ஏறக்குறைய கால் பங்கு தீயால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. பாதிக்கப்பட்டது என்றால் எல்லாமே மடிந்தது என்று பொருளல்ல. தீ மெதுவாகத் தரையோடு ஊர்ந்துபோன இடங்களில் மரங்கள் பிழைத்தன. ஆனாலும் கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 2 லட்சம் ஹெக்டேரில் கால் பங்கு 50,000 ஹெக்டேர். ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,000 கன்றுகள் வீதம் நட்டால் 5 கோடி கன்றுகள் தேவை. வழக்கமான வெட்டுக்குப் பின் ஆண்டுதோறும் நட வேண்டிய கன்றுகள் இதில் சேரவில்லை.

எரிந்தவற்றில் எல்லாமே வணிகத்துக்காக நின்ற மரங்கள் அல்ல. டம்பரம்பா போகும் வழியில், லாரல் ஹில் அருகே 1928இல் நட்ட சுகர் பைன் மரங்களின் நடுவே ஒரு நடைபாதை இருந்தது. இருபுறமும் தூண்களைப் போல உயர்ந்து நின்ற அந்த மரங்களுக்கிடையே திருமணம் செய்துகொண்டவர்கள் ஏராளம். தீயில் கருகிய அந்த மரங்கள் எப்போது விழுமோ என்ற ஆபத்தில் இருந்ததால் வெட்டப்பட்டன. அந்த வட்டாரத்து மக்களிடம் தீயைப் பற்றிப் பேச்செடுத்தால், டன் கணக்கைவிட இந்த நடைபாதைதான் முதலில் வரும்.

எரிந்த மரத்துக்கு ஒரு கெடு உண்டு

தைல மரம் எரிந்தால் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் விழித்து, கருகிய தண்டு முழுவதும் பச்சை இலை விடும். ரேடியேட்டா பைனுக்கு அந்த வரம் இல்லை. உச்சிவரை ஊசியிலைகள் கருகிவிட்டால் மரம் செத்ததுதான். ஆனால் செத்த மரம் உடனே கெட்டுப்போவதில்லை. தடித்த பட்டை தீயின் சூட்டை உள்ளே விடாமல் காப்பதால், வெளியே கரியாக நிற்கும் மரத்தை அறுத்தால் உள்ளே வெண்மஞ்சள் நிற மரம் பழுதில்லாமல் இருக்கும். அதனால் மறுநடவின் முதல் வேலை, நின்றபடி செத்த மரத்தைக் கெடுமுன் வெட்டி மில்லுக்குச் சேர்ப்பது.

எதிரி ஒரு பூஞ்சை. மரப்பட்டை வண்டுகள் செத்த மரத்தைத் துளைத்து உள்ளே போகும்போது பூஞ்சை வித்துகளையும் சுமந்து செல்கின்றன. சில வாரங்களில் தடியின் வெட்டுமுகத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, வெட்டிய கேக் துண்டைப் போல ஆப்பு வடிவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் இறங்குகிறது. மரத்தின் வலுவை இந்தக் கறை பெரிதாகக் குறைப்பதில்லை. சுவருக்குள் மறைந்துபோகும் சட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் வாங்குபவர் பலகையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். கறையைக் கண்டால் கீழே வைத்துவிடுகிறார். நாளாக ஆக மரம் உலர்ந்து, பட்டை உரிப்பதும் கடினமாகிறது. காகித ஆலையின் கவலை வேறு: ஒரு துளி கரி கூழில் கலந்தாலும் தாளில் கறும்புள்ளியாகத் தெரியும் என்பதால், பட்டையோடு கரியைச் சுத்தமாக நீக்கிய மரம் மட்டுமே அங்கே செல்லுபடியாகும். கோடை வெப்பத்தில் இந்தக் கெடு ஓராண்டு, அதிகம் போனால் இன்னும் சில மாதங்கள்.

கெடுவை நீட்டிக்க வழி உண்டு. தடிகளை அடுக்கி, இடைவிடாமல் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருந்தால் பூஞ்சைக்குக் காற்று கிடைக்காது. 1983 பிப்ரவரி 16இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் பகுதிப் பைன் தோப்புகள் எரிந்தபோது, அம்மாநில வனத்துறை தடிகளை போனி ஏரியின் நீருக்குள் அமிழ்த்திச் சேமித்தது. அந்தப் பழைய பாடம் 2020இலும் பயன்பட்டது: நடுவண் அரசு தடிச் சேமிப்புக்கென்று 1.5 கோடி ஆஸ்திரேலிய டாலரையும், மர ஆலைகள் கிடைக்கும் மரத்துக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ள 4 கோடி டாலரையும் ஒதுக்கியது. மரத்தொழிலும் ஆப்பிள் போன்ற தோட்டப்பயிர்களும் மீண்டெழ மாநில அரசு அறிவித்த 14 கோடி டாலர்த் திட்டத்தில் எரிந்த மரத்தை நெடுந்தூரம் ஏற்றிச்செல்லும் கூலிக்கும் இடம் இருந்தது.

இதற்கிடையே யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கோவிட் முடக்கத்தில் கட்டுமானத் தொழில் படுத்துவிடும் என்று அஞ்சி, 2020 ஜூனில் நடுவண் அரசு புதிதாக வீடு கட்டுவோருக்கு 25,000 டாலர் மானியம் அறிவித்தது. வீட்டுக்கான விண்ணப்பங்கள் குவிந்தன. 2021இல் நாடெங்கும் சட்டமரத் தட்டுப்பாடு. கரிமரத்தை யார் வாங்குவார்கள் என்று தவித்த மில்கள் கிடைத்த ஒவ்வொரு தடியையும் அறுத்துத் தள்ளின. பார்வைக்கு அது செழிப்பாகத் தெரிந்தது. உண்மையில் 2025லும் 2030லும் வெட்ட வேண்டிய மரம் ஒரே ஆண்டில் மில்லைக் கடந்துகொண்டிருந்தது.

நாற்றங்காலில் தொடங்கும் கணக்கு

டூமுட்டுக்குத் தெற்கே, புளோவரிங் அணைக்கு அருகே இருக்கிறது வனக் கழகத்தின் பைன் நாற்றங்கால். மறுநடவு எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைத் தீர்மானித்தது சிட்னியின் சட்டமன்றமல்ல, இந்த நாற்றங்காலின் பாத்திகள்தான்.

பைன் விதையை வசந்தத்தில், அதாவது அங்கே அக்டோபரையொட்டி, திறந்த வெளிப் பாத்திகளில் விதைக்கிறார்கள். கோடை முழுவதும் நீர் பாய்ச்சி வளர்த்து, இலையுதிர்காலத்தில் டிராக்டரில் பூட்டிய கத்தியை மண்ணுக்கடியில் செலுத்தி ஆணிவேரை அறுத்துவிடுகிறார்கள். அப்போதுதான் பக்கவேர்கள் கொத்தாகப் பெருகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில், கன்று உறக்கத்தில் இருக்கும்போது, மண்ணை உதறி வேரோடு பிடுங்கிப் பெட்டியில் அடுக்கி, வேர் காய்வதற்குள் நடவு நிலத்துக்கு அனுப்புகிறார்கள். நெல் நாற்றைப் பறித்து முடிகட்டி வயலுக்கு அனுப்பியவர்களுக்கு இந்த அவசரம் புரியும். பறித்த நாற்று காத்திருக்காது.

தேதிகளை இதோடு பொருத்திப் பாருங்கள். தோப்புகள் எரிந்தது 2020 ஜனவரியில். அந்த ஆண்டு குளிர்காலத்தில் நட வேண்டிய கன்றுகள் 2019 அக்டோபரிலேயே, தீயைப் பற்றிய எந்த எண்ணமும் இல்லாமல், வழக்கமான அளவுக்கே விதைக்கப்பட்டிருந்தன. கூடுதலாக விதைக்கக் கிடைத்த முதல் வாய்ப்பு 2020 வசந்தம். அந்தக் கன்றுகள் மண்ணைத் தொட முடிந்த முதல் நாள் 2021 குளிர்காலம். ஆக, பணம் ஒதுக்கப்பட்ட அன்றே ஒன்றரை ஆண்டு கணக்கில் கழிந்துவிட்டது. மாநில அரசு வனக் கழகத்துக்கு அளித்த 4.6 கோடி டாலரில் நாற்றங்கால்களை விரிவாக்குவதும், எரிந்த சாலைகளையும் பாலங்களையும் சீரமைப்பதும், மறுநடவும் அடங்கும். என்னைக் கேட்டால், இந்த முழு நிகழ்விலும் மிகச் சரியாகச் செலவிடப்பட்ட பணம் நாற்றங்காலுக்குப் போனதுதான். ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான கன்றுகளை நடும் நிலைக்குக் கழகம் உயர்ந்தது அதனால்தான்.

கன்று தயாரானாலும் நிலம் தயாராக வேண்டும். பெரிய மரங்கள் நின்ற இடத்தில் மரம் விற்ற காசில் நிலத்தைச் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் ஆறு வயது, எட்டு வயது மரங்கள் எரிந்து நின்ற தோப்புகள்? அவற்றில் விற்க ஒன்றுமில்லை. கையளவு தடிமனுள்ள ஆயிரக்கணக்கான கரிக்குச்சிகளை இயந்திரத்தால் மிதித்து முறித்து, வரிசையாகக் குவித்து, சில இடங்களில் மறுபடி கொளுத்தி, அதன் பிறகே நட முடியும். வருமானமே இல்லாத இந்தச் செலவு அறிவிப்புகளில் வருவதேயில்லை. மறுநடவின் வேகத்தைக் குறைத்தவற்றில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

பைன் காய்களின் இயல்பு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. தீயின் சூட்டில் இறுகிய காய்கள் வெடித்து விதையைச் சாம்பலில் கொட்டுகின்றன. அடுத்த மழையில் ஒரே ஹெக்டேரில் ஆயிரக்கணக்கில் தானாக முளைக்கின்றன. பார்ப்பவர்கள் இயற்கையே நட்டுவிட்டதே என்று மகிழக்கூடும். ஆனால் அந்த முளைப்பு ஓரிடத்தில் புல்லைப் போல அடர்ந்தும் மற்றோரிடத்தில் வழுக்கையாகவும் இருக்கும்; பல தலைமுறை மரத்தேர்வின் பயன் அதில் உறுதியாகக் கிடைக்காது. அதோடு தீயால் தூண்டப்பட்டு முளைக்கும் அந்நாட்டு வேல மர (அக்கேசியா) வகைகளும், முள் நிறைந்த பிளாக்பெரி புதரும் போட்டிக்கு வருகின்றன. 2020 முதல் 2023 வரை ஆஸ்திரேலியாவுக்கு மிகுமழை தரும் லா நினா பருவங்கள் அடுத்தடுத்து மூன்று வந்தன. நட்ட கன்றுகள் தாகத்தால் சாகாமல் பிழைத்தன, ஆனால் களையும் அதே வேகத்தில் எழுந்தது, சேற்றில் இயந்திரங்கள் இறங்க முடியாத நாட்களும் கூடின.

நடவு இன்றும் கையால்தான். தோளில் தொங்கும் பையில் ஈரவேர்க் கன்றுகள், கையில் ஒடுங்கிய தகடுள்ள மண்வெட்டி. கரிந்த அடிக்கட்டைகளுக்கும் கிடக்கும் கிளைகளுக்கும் இடையே சரிவில் ஏறிக்கொண்டே, மண்வெட்டியை ஊன்றிப் பிளந்து, வேர் மடங்காமல் கன்றை இறக்கி, குதிகாலால் மண்ணை மிதித்து மூடி, நுனி ஊசியிலையைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்கிறார் நடுபவர். கன்று வராவிட்டால் நடவு சரி. உறைபனி படிந்த காலையில் தொடங்கி ஒருவர் ஒரு நாளில் ஆயிரத்துக்கு மேல் நடுகிறார். 2020 மார்ச்சில் நாட்டின் எல்லைகள் மூடப்பட்டபோது, இத்தகைய வேலைகளுக்குப் பசிபிக் தீவுகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஆட்களின் வரவு சுருங்கியது. அந்தக் குளிர்காலங்களில் சரிவுகளில் நின்று நட்டவர்களின் உழைப்புதான் 'கோடி' என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது.

விரிவாக்கம்: 100 கோடி மரங்கள்

தீக்கு ஒன்றேகால் ஆண்டு முன்பே, 2018 செப்டம்பரில், நடுவண் அரசு தேசிய வனத்தொழில் திட்டம் ஒன்றை வெளியிட்டது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் 100 கோடி புதிய மரங்கள், அதாவது 4 லட்சம் ஹெக்டேர் புதிய தோப்பு என்பது அதன் இலக்கு. புதிய என்ற சொல் முக்கியமானது. வெட்டிய இடத்தில் நடுவதும் எரிந்த இடத்தில் நடுவதும் இந்த இலக்கில் சேரா. ஆனால் தீக்குப் பிந்தைய பேச்சுகளில் மறுநடவுக் கன்றுகளும் 100 கோடி என்ற இலக்கும் ஒரே பத்தியில் வந்துகொண்டிருந்தன. கேட்பவர் இரண்டும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார்.

நடந்தது என்ன? 2010ஐ ஒட்டி நாட்டின் மொத்தத் தோப்புப் பரப்பு சுமார் 20 லட்சம் ஹெக்டேராக உச்சத்தில் இருந்தது. 2020களின் தொடக்கத்தில் அது 17 லட்சத்தை ஒட்டி இறங்கியிருந்தது. வரிச்சலுகையை நம்பித் தைல மரத் தோப்புகளில் பொதுமக்களின் பணத்தைத் திரட்டிய டிம்பர்கார்ப், கிரேட் சதர்ன் ஆகிய நிறுவனங்கள் 2009இல் சரிந்தது இதற்கு முதன்மையான காரணம். அந்த நிலங்களில் பெரும்பகுதி ஒருமுறை வெட்டியதும் மேய்ச்சலுக்கும் பயிருக்கும் திரும்பியது. அந்தச் சரிவில் சேமிப்பை இழந்தவர்களின் நினைவு மரம் நடும் எந்தத் திட்டத்தையும் இன்றும் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது.

மற்றத் தடைகளும் உண்மையானவையே. பைனுக்கு நல்ல மழை பெறும் நிலம் வேண்டும். அதே நிலம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் சிறந்தது. இறைச்சி விலை ஏறிய ஆண்டுகளில் நில விலையும் ஏறியது. முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டிய பயிருக்கு அந்த விலை கொடுத்து நிலம் வாங்குவோர் அரிது. தண்ணீர் இன்னொன்று. வளரும் பைன் தோப்பு மழைநீரை உறிஞ்சி ஓடைக்கு வரும் நீரைக் குறைக்கிறது. அதனால்தான் தெற்கு ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் 2013 முதல் தோப்புகளும் நீர் ஒதுக்கீட்டுக் கணக்கில் கொண்டுவரப்பட்டன. மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவுக்கு ஈடாக, விற்கக்கூடிய கார்பன் வரவு தரும் நடுவண் திட்டத்திலும் மழை அதிகமுள்ள பகுதிகளில் புதிய தோப்புகளுக்குத் தடை இருந்தது. குறிப்பிட்ட வனத்தொழில் வட்டாரங்களுக்கு அது பின்னர் தளர்த்தப்பட்டது.

ஆட்சி மாறிய பின், 2022 அக்டோபர் நிதிநிலை அறிக்கையில் புதிய அரசு 8.62 கோடி டாலரில் ஒரு திட்டத்தை வைத்தது. புதிதாக நெடுங்காலத் தோப்பு போடுவோருக்கு ஹெக்டேருக்கு 2,000 டாலர் மானியம். இலக்கு 36,000 ஹெக்டேர். முழுவதும் வெற்றி பெற்றாலும் இது 2018இல் சொன்ன 4 லட்சம் ஹெக்டேரில் பதினோரில் ஒரு பங்குதான். 2019–20 தீயில் எரிந்த பரப்போடு ஒப்பிட்டால் கால் பங்கைச் சற்றே தாண்டும். விக்டோரியா மாநிலம் வேறு வழியில் போனது: கிப்ஸ்லாந்தில் பத்தாண்டுகளில் 14,000 ஹெக்டேர் போட ஹெச்விபி என்ற தோப்பு நிறுவனத்தோடு 12 கோடி டாலர் ஒப்பந்தம். வகுத்துப் பார்த்தால் ஹெக்டேருக்கு 8,500 டாலருக்கு மேல். 2024 ஜனவரி 1 முதல் அரசின் இயற்கைக் காடுகளில் வெட்டுவதை அந்த மாநிலம் நிறுத்தியதால் அதற்கு வேறு வழியும் இல்லை. இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்தால், 2,000 டாலரைக் காட்டி ஒரு விவசாயியைத் தன் மேய்ச்சல் நிலத்தை முப்பது ஆண்டுகளுக்குப் பூட்டச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

குறைந்தபட்சம் கணக்கையாவது பிரித்து வெளியிடலாம். எரிந்த இடத்தில் நட்டது, வழக்கமான வெட்டுக்குப் பின் நட்டது, இதுவரை தோப்பே இல்லாத நிலத்தில் நட்டது என்று மூன்று வரிகளில், கன்றின் எண்ணிக்கையில் அல்லாமல் ஹெக்டேரில், ஒவ்வோர் அறிவிப்பிலும் சொல்வதற்குச் செலவே இல்லை.

நடாமல் விட்ட இடங்கள்

எரிந்த தோப்பை மீண்டும் நட்டே ஆக வேண்டும் என்பதில்லை. 2003 ஜனவரி 18 அன்று கான்பெராவுக்குள் தீ புகுந்து நால்வரின் உயிரையும் சுமார் 500 வீடுகளையும் கொண்டுபோனபோது, தலைநகரப் பகுதியின் 10,000 ஹெக்டேருக்கும் அதிகமான பைன் தோப்புகளும் எரிந்தன. நகரின் குடிநீர் வரும் காட்டர் நீர்ப்பிடிப்பில் தீக்குப் பின் மண் அரித்து அணைநீர் கலங்கியது. புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. முதலில் பைனையே நடத் தொடங்கிய அரசு, பிறகு மனம் மாறி அங்கே நாட்டு மரங்களுக்குத் திரும்பியது. நகரையொட்டிய எரிந்த தோப்பு நிலமொன்றில் இன்று இருப்பது 2013இல் திறக்கப்பட்ட தேசிய மரப்பூங்கா. பெரிய மில்கள் சூழ்ந்திராத, தலைநகரின் தண்ணீரே முதன்மையான ஓரிடத்துக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தைச் சேர்ந்த கங்காரு தீவின் கதை வேதனையானது. 2020 ஜனவரி வரை நீண்ட தீயில் தீவின் ஏறக்குறைய பாதி எரிந்தது. அங்கிருந்த தனியார் தோப்பு நிறுவனத்தின் மரங்களில் மிகப் பெரும்பகுதி பாதிக்கப்பட்டது. தீவில் ஆலை இல்லை. மரத்தைக் கப்பலேற்ற ஸ்மித் பேயில் ஒரு துறைமுகம் கட்ட அந்நிறுவனம் பல ஆண்டுகளாக அனுமதி கேட்டுவந்தது. 2021 ஆகஸ்டில் மாநில அரசு மறுத்துவிட்டது. கடல்வாழ் உயிர்களையும் அருகிலிருந்த அபலோன் (உணவுக்கு வளர்க்கும் கடல் நத்தை) பண்ணையையும் கருதிய அந்த மறுப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் அதோடு மறுநடவு என்ற பேச்சும் முடிந்தது. நிறுவனம் நிலத்தை விவசாயத்துக்குத் திருப்பும் பாதையில் இறங்கியது. நிலமும் மழையும் பட்டறிவும் இருந்தும், மரம் வெளியேற வழியில்லாத இடத்தில் யாரும் கன்று நடமாட்டார்கள். டூமுட்டில் அரசே உரிமையாளராக இருந்ததும், மில்கள் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்ததும்தான் அங்கே மறுநடவைக் கேள்விக்கு இடமில்லாத முடிவாக்கின.

அதே மரம், அதே கோடை

மறுநடவைப் பற்றி டூமுட் வட்டாரத்தில் எழும் நேர்மையான கேள்வி ஒன்று உண்டு: மறுபடி எரிந்தால்? 2006 டிசம்பரில் பில்லோ ரோடு தீ அதே வட்டாரத்தில் ஏறக்குறைய 10,000 ஹெக்டேர் பைன் தோப்பை எரித்தது. அடுத்த பெருந்தீக்கு இடையே கிடைத்தது பதின்மூன்றே ஆண்டுகள்; பைனை நட்டு வெட்டும் முப்பது ஆண்டுச் சுற்றில் பாதிகூட இல்லை.

இளந்தோப்பு எரிவதற்கு மிக எளிது. நான்கைந்து வயதிலேயே வரிசைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கீழ்க்கிளைகள் தரையைத் தொட்டபடி இருப்பதால், புல்லில் வரும் தீ ஏணியில் ஏறுவதுபோல் உச்சிக்குப் போய்விடும். நெருக்கத்தைக் குறைக்கும் முதல் இடைவெட்டுக்குப் பின்தான் மரங்களுக்கிடையே காற்றும் வெளியும் வரும், தீயணைப்பு வண்டி நுழைய வழி கிடைக்கும். அந்த இடைவெட்டு சுமார் பதினான்கு வயதில். படிக்கட்டாக இருந்த தோப்பில் இப்போது பல்லாயிரம் ஹெக்டேர் ஒரே சில ஆண்டுகளில் நட்ட, ஏறத்தாழ ஒரே உயரமான மரங்கள். ஊர்களையும் ஆப்பிள் தோட்டங்களையும் ஒட்டிய விளிம்புகளில் நடாமல் விடும் இடைவெளியின் அகலம், கண்காணிப்புக் கோபுரங்களுக்குத் துணையாக வைக்கும் கேமராக்கள், கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகளைச் சுரண்டிச் சுத்தமாக வைத்தல் போன்ற வேலைகளுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். மறுநடவுக்கு ஒருமுறை தரும் நிதியில் இவை நிலைக்கா.

2021 குளிர்காலத்தில் நட்ட கன்றுகள் முதல் இடைவெட்டை எட்டுவது 2035ஐ ஒட்டி. வீட்டுச் சட்டத்துக்கான தடியாவது 2050ஐ ஒட்டி. அதுவரை காகித ஆலைக்கும் அறுவை மில்களுக்கும் எரியாமல் தப்பிய தோப்புகளே கதி. 2035க்கு முன் வரும் எந்தக் கோடையிலாவது தீ இந்த இளந்தோப்புகளுக்குள் புகுந்தால், 2020இல் செய்ததுபோல வெட்டி மில்லுக்கு அனுப்புவதற்குக்கூட அங்கே மரம் இருக்காது.